முன்பு இட்ட உரங்கள்

ஜனவரி 18, ஞாயிறு

எந்தப் பதிவேடாக இருந்தாலும் முதல் பக்கத்தில் மாதிரியின் விவரம் எழுத வேண்டும். எழுதுகிறேன். மாதிரி: சௌந்தரவல்லி, வயது ஐம்பத்தாறு, மன்னார்குடி. மண் பரிசோதனை நிலையத்தில் முப்பத்தொரு வருட வேலை, இப்போது மருத்துவ விடுப்பு. உடன் இருப்பவர்: கணவர் கலியபெருமாள், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குறை: இடது மார்பில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. பரிந்துரை: தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாளுக்கு ஒன்றாக ஆறு கீமோ ஊசி, பிறகு அறுவை. நாளை முதல் ஊசி.

அழுது பார்த்தாகிவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் வரவில்லை. எழுந்து முகம் கழுவி மீன் குழம்பு வைத்தேன்.

விடுப்பில் இருந்தாலும் விவசாயிகள் விடுவதில்லை. ஒரத்தநாட்டிலிருந்து சிங்காரவேலு போன் செய்தார். மூன்று ஏக்கர் கடலை போடுகிறவர். அவருடைய மண்ணில் துத்தநாகம் குறைவு என்று சொல்லி, ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் எழுதிக் கொடுத்திருந்தேன். “அதுக்கு முன்னாடி வேற என்ன போட்டீங்க?” என்றால், “ஒண்ணும் போடலம்மா, வெறும் சாணிதான்” என்கிறார். எங்கள் படிவத்தில் ‘முன்பு இட்ட உரங்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. முப்பத்தொரு வருடத்தில் அதை உண்மையாக நிரப்பிய ஆளை நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் வெறும் சாணிதான். மண்ணைக் கரைத்துப் பார்த்தால் பாதி உரக்கடை அதில் இருக்கும். அதனால் நான் ‘உரம் போட்டீங்களா’ என்று கேட்பதை விட்டுப் பல காலம் ஆகிறது. ‘எந்தக் கடையில வாங்குனீங்க? மூட்டை என்ன கலரு?’ என்றுதான் கேட்பேன். யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

என் ரத்தத்திலும் துத்தநாகம் குறைவு. இது டாக்டர் எழுதிய பரிசோதனை இல்லை, டிசம்பரில் நானே போய்க் கொடுத்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளும் படித்தேன். சில புற்றுக்கட்டிகளில் செம்பு கூடியும் துத்தநாகம் குறைந்தும் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். கட்டி தனக்கு ரத்தக்குழாய் போட்டுக்கொள்ள செம்பு வேண்டுமாம். பிறகு என்ன? பயிருக்குக் குறை என்றால் திருத்துகிறோம். எனக்கு என்றால் வேடிக்கை பார்ப்பதா? மூன்று வாரமாகக் காலை, மதியம், மாலை ஒவ்வொரு ஜிங்க் மாத்திரை. ஒவ்வொன்றும் ஐம்பது மில்லிகிராம். தண்ணீர் பிடிக்கும் செம்புக் குடம் பரணுக்குப் போயிற்று. செம்பு அதிகமுள்ள எள், முந்திரி, ஈரல் எல்லாம் நிறுத்தம்.

கலியபெருமாள் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு ஏணியிலேயே நின்றார். “செம்ப எடுத்துட்டா எர்த் எங்கேருந்து கெடைக்கும் வல்லி?” என்றார். எதற்கெடுத்தாலும் கரண்ட்டு.

ஜனவரி 19, திங்கள்

ஊசி மருந்து ரோஜா சர்பத் நிறத்தில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் இறங்கியது.

டாக்டர் நஸ்ரத்துக்கு முப்பத்து நான்கு வயது இருந்தால் அதிகம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பெண் பால்குடி மறந்திருக்க மாட்டாள். படிவத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: “வேற மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறீங்களாம்மா?”

“இல்ல. வெறும் சாப்பாடுதான்” என்றேன்.

நர்ஸ் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டாள். மீன், கீரை, பருப்பு, முட்டை சாப்பிட்டால் போதுமாம். அதைச் சொல்லத்தான் பத்து வருடம் படித்தாளா?

ஜனவரி 29, வியாழன்

தலைமுடி தானாகக் கொட்டட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கலியபெருமாளின் ஷேவிங் மிஷினை எடுத்து நானே வழித்துக்கொண்டேன். பின்னால் மட்டும் அவர் உதவினார். பாதியில் மிஷினை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்த மனிதர்.

மொட்டைத் தலையோடு காய்கறி வாங்கப் போனேன். எதிர்வீட்டு அம்மாள், “திருப்பதியா, பழனியா?” என்றாள். “தஞ்சாவூர்” என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இரண்டாவது ஊசி. பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒரு பெண். அமலோற்பவம், நாற்பத்தொரு வயது, பூதலூரில் தையல்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் என்னுடைய நோய்தான். இன்றுதான் முதல் ஊசி. ஜாக்கெட் கை வழியாக ஊசி ஏற்றச் சிரமமாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும், பையிலிருந்து கத்தரியை எடுத்துத் தன் ஜாக்கெட் கையைத் தானே பிரித்துவிட்டாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஊசி ஏறியதும் அவளுக்கு நடுக்கம் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். “மேடம், நீங்க எப்புடி இவ்ளோ தெம்பா இருக்கீங்க?” என்றாள். மேடம் வேண்டாம், அக்கா என்று கூப்பிடு என்றேன். பிறகு துத்தநாகம் பற்றிச் சொன்னேன். செம்பு பற்றியும் சொன்னேன். இப்படிக் கேட்டுக்கொள்ளும் ஆள் கிடைத்து நாளாயிற்று. என் பையில் நான்கு மாத்திரை அட்டை இருந்தது. இரண்டைக் கொடுத்தேன்.

டாக்டரிடம் மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் ஒழிய சொல்லாதே என்றேன். இரண்டும் வேறு.

பிப்ரவரி 21, சனி

சோறு மண்ணாக இருக்கிறது. எனக்கு மண்ணைத் தெரியும். மண் இதைவிட ருசியாகவே இருக்கும்.

மார்ச் 2, திங்கள்

திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் வெள்ளணு குறைந்தது ஆயிரத்து ஐந்நூறு இருந்தால்தான் ஊசியாம். எனக்கு ஆயிரத்து இருநூறு. அமலத்துக்கு ஆயிரத்து எழுநூறு இருந்தது, அவளுக்குப் போட்டார்கள். எனக்கு அணுவைக் கூட்டும் வேறு ஊசி, வயிற்றில், மூன்று நாளைக்கு.

தள்ளிப்போவது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டி நாட்காட்டி பார்ப்பதில்லை. ஒவ்வொரு வாரத் தாமதமும் அதற்கு லாபம். ஆறு ஊசியையும் நாள் தவறாமல் வாங்கிவிட வேண்டும், அதுதான் என் சண்டை.

துத்தநாகம் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று உலகத்துக்கே தெரியும். நாளை முதல் நான்கு மாத்திரை. அமலத்துக்கும் போனில் சொன்னேன். “சரிக்கா” என்றாள். அவள் ஏன் என்று கேட்பதே இல்லை.

மார்ச் 9, திங்கள்

ஆயிரத்து அறுநூறு. மூன்றாவது ஊசி, அளவைக் குறைத்துப் போட்டார்கள். குறைத்தாலும் ஊசி ஊசிதான்.

மார்ச் 17, செவ்வாய்

பாதம் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றதே தெரியாமல் தெருமுனை வரை நடந்துவிட்டேன். ஊசி மருந்தின் வேலை.

கலியபெருமாள் குப்பைக் கூடையிலிருந்து வெற்று மாத்திரை அட்டைகளைப் பொறுக்கி, மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். பியூஸ் போன வீட்டில் மீட்டரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க வேலையப் பாருங்க” என்றேன்.

“நீதான் இப்ப எனக்கு வேல” என்றார்.

மார்ச் 30, திங்கள்

எழுநூறு. ஊசி இல்லை.

டாக்டர் நஸ்ரத் இந்த முறை படிவத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “அணு ஏத்துற ஊசி போட்டும் ஏறலம்மா. டோஸும் கொறச்சிருக்கோம். எனக்குப் புரியல. வேற எதுவும் எடுத்துக்கலையே?”

“இல்ல” என்றேன். கண்ணை நகர்த்தவில்லை. பெருமைப்படும் காரியம் இல்லை, ஆனால் நன்றாகச் செய்தேன்.

இப்போது சொன்னால் என்ன செய்வாள்? நிறுத்தச் சொல்வாள். இந்த உடம்பில் நானாக முடிவு செய்கிற விஷயம் அது ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் அவர்கள் கையில். எந்த நாள் வர வேண்டும், எந்தக் கையில் குத்த வேண்டும், எதை வெட்ட வேண்டும், எல்லாம். இந்த ஒன்றை விடமாட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மறுபடியும் இல்லை. எழுநூற்றைம்பது.

அமலம் நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சலில் கிடக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் மாடியில் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். வெள்ளணு இருநூறுக்கு வந்துவிட்டதாம். அவளுடைய கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, இந்நேரம் ஏறியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, “நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க சொன்னதெல்லாம் கரெக்ட்டா சாப்புட்டுச்சு” என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கட்டிலில் பாதிகூட நிறையவில்லை.

ஊசி மருந்து இப்படித்தான் செய்யும். எல்லோருக்கும் செய்யும்.

ஊசி மருந்துதான்.

ஏப்ரல் 8, புதன்

காலை பத்து மணிக்கு சிங்காரவேலு. கடலைச் செடி வெளுத்துக்கொண்டே போகிறதாம், குருத்து ஏறவில்லை, தண்டு வெடிக்கிறது. படம் அனுப்பினார். பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் மொட்டைத் தலை சுட்டது.

“ஜிங்க் எவ்ளோ போட்டீங்க?”

“நீங்க சொன்ன அளவுதாம்மா.”

“எந்தக் கடையில வாங்குனீங்க?”

“பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கே, அங்கதாம்மா.”

“எத்தன தடவ போனீங்க?”

“அது... ஒரு மூணு தடவ. அப்பறம் எலைக்குத் தெளிக்கிற பாட்டில் ரெண்டு. செடி கொஞ்சம் சொணங்குன மாதிரி இருந்துச்சும்மா. சத்துதானே, வெஷமா?”

“சத்துதானேன்னு கொட்டுவீங்களா?” கத்திவிட்டேன். கலியபெருமாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “சொணங்குச்சுன்னா என்னைக் கேக்க வேணாமா? துத்தநாகத்த இப்புடி அள்ளிப் போட்டா மத்ததெல்லாம் வேருக்குள்ள எப்புடி வரும்? இரும்பு ஏறாது, செம்பு ஏறாது. ஒண்ணு வழிய அடச்சிக்கிட்டு நிக்கும், இன்னொண்ணு பட்டினி கெடக்கும். செடி வெளுக்காம என்ன செய்யும்? கொறஞ்சுதுன்னு கூட்டுவீங்க, இன்னும் கொறஞ்சா இன்னும் கூட்டுவீங்க, அப்பறம்...”

போனைக் காதிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தேன்.

“அம்மா? அம்மா, லைன்ல இருக்கீங்களா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 8, அதே நாள், மதியம்

கட்டுரைகளை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை எனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் படிக்கவில்லை. துத்தநாகம் அளவு மீறினால் குடலிலேயே செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு இல்லாவிட்டால் எலும்புக்குள் வெள்ளணு ஊறாது. நரம்பும் மரத்துப்போகும். எல்லாம் ஜனவரியிலேயே என் கையில் இருந்த தாள்கள். ஒரு பத்திக்குக் கீழே நானே கோடு போட்டிருக்கிறேன். செம்பு குறையும் என்ற இடத்தில் கோடு. அதற்கு அடுத்த வரியில் கோடு இல்லை.

கட்டுரை பொய் சொல்லவில்லை. யாரோ எந்த வயலிலோ கண்டதை எடுத்து என் வயலுக்கு அளவு எழுதியது நான். மண்ணைப் பார்க்காமல் பக்கத்து வயலுக்கும் அதையே எழுதிக் கொடுத்ததும் நான்தான். வேலையில் இப்படிச் செய்த ஒரு உதவியாளரை நான் அழ அழத் திட்டியிருக்கிறேன்.

மதிய மாத்திரையை விழுங்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

முதல் பஸ்ஸில் தஞ்சாவூர். வீட்டில் இருந்த அட்டைகள், வெற்று அட்டைகள், எல்லாவற்றையும் மண் மாதிரி கட்டும் துணிப்பையில் போட்டுச் சீட்டுக் கட்டினேன். எங்கள் படிவம் இரண்டை எழுதினேன். ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் அமலோற்பவம். ‘முன்பு இட்ட உரங்கள்’ கட்டத்தில் மாத்திரையின் பெயர், அளவு, எந்தத் தேதியிலிருந்து எத்தனை, எல்லாம். உண்மையாக நிரப்பப்பட்டு என் வாழ்நாளில் நான் பார்த்த முதல் படிவங்கள்.

டாக்டர் நஸ்ரத் இரண்டையும் படித்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. போனை எடுத்து மாடிக்குப் பேசினாள். அமலத்துக்கு ரத்தத்தில் செம்பு பார்க்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு தடவ கேட்டேனேம்மா.”

“கேட்டீங்க. நானும் ரெண்டு தடவ பொய் சொன்னேன். தப்பு என்னுதுதான், அதுல ஒரு பங்குகூட ஒங்களுக்குத் தரமாட்டேன்” என்றேன். “ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. எடுத்துக்கிறீங்களான்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்லமாட்டாங்க. எந்தக் கடையில வாங்குறீங்க, டப்பா என்ன கலருன்னு கேளுங்க. அந்த ஹால்ல இருவது நாற்காலி இருக்கு. இருவது பைக்குள்ளயும் ஏதாவது ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியும், நான் பேசிப் பாத்திருக்கேன்.”

அவள் வெற்றுத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளி, “எழுதிக் குடுங்க” என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

இருவருக்கும் செம்பு குறைவு. எனக்கு மிகவும் குறைவு.

“ஜிங்க் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா” என்றாள் டாக்டர். “எங்க ஊசியே அணுவ எறக்கும். ஆனா எறங்குனது திரும்ப ஏறணும்ல, அத இது ஏற விடல.” மாத்திரைகளை நிறுத்தியாயிற்று. செம்பு கொடுக்கிறார்கள், அளந்து, வாரம் ஒரு முறை சோதித்து. நான் விவசாயிகளுக்குச் சொல்லும் அதே வார்த்தைகள்.

அமலத்துக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய் நானே சொன்னேன். வேறு யாரும் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. எதையும் குறைக்காமல் சொன்னேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டேன்.

“மேடம்னுதான் கூப்புட்டேன். நீங்கதான் அக்கான்னு கூப்புடச் சொன்னீங்க” என்றாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். இந்த முறை பத்து நிமிடத்தில் நிற்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

கலியபெருமாள் பரணிலிருந்து குடத்தை இறக்கிப் புளி போட்டு விளக்கினார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. “சும்மா இருக்காதீங்க, ஏதாவது சொல்லித் தொலைங்க” என்றேன்.

“எர்த் வந்துருச்சு” என்றார்.

சிரித்துவிட்டேன். அமலத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. தினமும் செய்கிறேன். எடுக்கும்வரை செய்வேன்.

மே 4, திங்கள்

ஆயிரத்து நானூறு. நூறு குறைகிறதாம். ரேஷன் கார்டில் ஒரு எழுத்து குறைந்தால் திருப்பி அனுப்புவது போல அனுப்பிவிட்டார்கள். இடையில் ஸ்கேனும் எடுத்தார்கள். கட்டி மூன்றிலிருந்து இரண்டேகாலுக்கு வந்திருக்கிறது. இத்தனை கூத்துக்கு நடுவிலும் சுருங்கியிருக்கிறது. நாள் தவறாமல் போயிருந்தால் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மார்ச் முப்பதிலிருந்து ஐந்து வாரம் நானே அதற்குத் தானம் கொடுத்திருக்கிறேன். இனி ஒரு நாள்கூடக் கிடையாது.

மே 11, திங்கள்

இரண்டாயிரத்து நூறு! நான்காவது ஊசி, முழு அளவு.

ஹாலில் நாற்காலிகளுக்கு எதிரே சுவரில் என் கேள்விகளை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் இல்லை, நல்லது. நர்ஸ் புதுப் படிவத்தோடு ஒவ்வொரு நாற்காலியாக வருகிறாள். எனக்கு முன்னால் இருந்த பெரியவரிடம், “அந்தப் பொடிய எந்தக் கடையில வாங்குறீங்க தாத்தா?” என்றாள். அவர் யோசிக்காமல் கடைப் பெயரைச் சொன்னார். சொன்ன பிறகுதான் திருதிருவென்று விழித்தார். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

அப்போதுதான் அமலம் வந்தாள். தானே தைத்த பூப்போட்ட துணித்தொப்பி. அவளுக்கும் இன்றுதான் ஊசி என்பது எனக்குத் தெரியாது. எனக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. அதை விட்டு அதற்கடுத்ததில் உட்கார்ந்தாள். சரி, உட்காரட்டும். அந்த ஒரு நாற்காலி இடைவெளி எனக்கு உரியதுதான்.

நர்ஸ் என்னிடம் வந்து, “அம்மா, நீங்க என்ன...” என்று ஆரம்பித்தாள்.

“அவுங்கள வாயால கேக்காதீங்க சிஸ்டர்” என்றாள் அமலம், என்னைப் பார்க்காமலே. “பையக் கொட்டச் சொல்லுங்க.”

ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நான் பையை எடுத்து மடியில் கவிழ்த்தேன். மூக்குக் கண்ணாடி, இந்த நோட்டு, பஸ் டிக்கெட், எதற்கு வைத்திருக்கிறேன் என்று தெரியாத சீப்பு, டாக்டர் எழுதிய செம்பு மாத்திரைச் சீட்டு, கலியபெருமாள் காகிதத்தில் மடித்துக் கொடுத்த எள்ளுருண்டை இரண்டு.

“இன்னும் ஏதாவது இருக்கா?” என்றேன், என் தலையில் இருந்த தொப்பியைத் தொட்டு. “தொப்பிய வேணா கழட்டவா? உள்ள முடிகூட இல்ல.”

அமலம் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சீட்டை எடுத்து முழுவதும் படித்தாள். பிறகு எள்ளுருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்க் கடித்தாள். தின்றும் முடித்தாள்.

சர்பத் நிற மருந்தைத் தொங்கவிட்டார்கள். இறங்கு, உன்னோடு சேர்த்து எனக்கு இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது. வலது கையில் ஊசி, இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் இந்தக் கோணல்.

மாதிரி: சௌந்தரவல்லி. முன்பு இட்ட உரங்கள்: காலையில் இரண்டு இட்லி, டாக்டர் அளந்து கொடுத்த செம்பு, எள்ளுருண்டை ஒன்று. வேறொன்றும் இல்லை. நம்பாதவர்கள் கடையில் போய்க் கேட்கலாம்.